பலகைமேல் பறந்த பந்தயம்

மோட்டார் வண்டிகள் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டத் தொடங்கிய காலத்தில், அந்த வேகத்தைத் தாங்கும் தரை உலகில் அரிதாகவே இருந்தது. மண் களத்தில் எழும் புழுதி முன்னே செல்லும் வண்டியை மறைத்தது. 1907-இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸில் அமைந்தது போன்ற கான்கிரீட் களத்துக்குப் பெரும் பொருள் வேண்டியிருந்தது. 1909-இல் சரளையும் தாரும் இட்டுத் திறக்கப்பட்ட இண்டியானாபொலிஸ் களமோ தொடக்கப் பந்தயங்களிலேயே உயிர்ப்பலி வாங்கியதால், அதே ஆண்டில் சுமார் 32 லட்சம் செங்கற்களைப் பாவிச் சீரமைக்கப்பட்டது.

விரைவாகவும் மலிவாகவும் ஒரு களம் வேண்டும் என்ற தேவைக்கு விடையாக, லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அருகே பிளாயா டெல் ரேயில் 1910 ஏப்ரலில் ‘மோட்டார்டிரோம்’ திறக்கப்பட்டது. மோட்டார் பந்தயத்துக்கென்றே மரத்தால் கட்டப்பட்ட முதல் களம் அதுவே. அதை வடிவமைத்த ஜாக் பிரின்ஸ் முன்னாள் சைக்கிள் பந்தய வீரர். சைக்கிள் பந்தயங்களுக்காக மரக் களங்கள் கட்டிக் கைதேர்ந்த அவர், அதே தச்சு முறையை ஒரு மைல் சுற்றளவுள்ள முழு வட்டமாக விரித்தார். நான்கு அங்குல அகலமும் இரண்டு அங்குல கனமும் உள்ள சட்டங்கள், அகலப் பக்கம் படுக்கையாகக் கிடத்தப்படாமல், கனப்பக்கம் மேலே வருமாறு நெருக்கி நிறுத்தப்பட்டு ஆணியால் இணைக்கப்பட்டன. இவ்வாறு நிறுத்திய சட்டம் வளையாமல் பளு தாங்கும். ஆனால் இரு சட்டங்களுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் இடுக்கும் மழைநீர் இறங்கும் வழியாகவும் அமைந்தது.

களத்தின் தளம் உள்நோக்கிச் சுமார் 20 டிகிரி சாய்ந்திருந்தது. வளைவில் ஓடும் வண்டியை வட்டத்தின் நடுவை நோக்கி இழுக்க ஒரு விசை வேண்டும். மையநோக்கு விசை எனப்படும் இதைச் சமதளத்தில் டயரின் உராய்வு மட்டுமே தருகிறது, சாய்தளத்திலோ தரையே வண்டியை உள்நோக்கித் தள்ளி அந்த வேலையைப் பகிர்ந்துகொள்கிறது. ஒரு மைல் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 256 மீட்டர் என்பதால், 20 டிகிரிச் சாய்வில் உராய்வே இல்லாவிட்டாலும் மணிக்குச் சுமார் 109 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வழுக்காமல் சுற்ற முடியும் என்று கணக்கிடலாம். அதைவிட வேகம் கூடக்கூடச் சாய்வும் கூட வேண்டும் என்பதாலேயே பின்வந்த களங்களில் சில 45 டிகிரியைத் தொட்டன. 1920-இல் எழுந்த பெவர்லி ஹில்ஸ் களத்தில் பொறியாளர் ஆர்ட் பில்ஸ்பரி, நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குப் படிப்படியாக மாற்றும் இடைவளைவு என்னும் ரயில்பாதை உத்தியைப் பயன்படுத்தினார். ஜோலார்பேட்டையை ஒட்டிய இருப்புப்பாதைகளில் வளைவுகளைக் கடப்போர் பக்கவாட்டில் திடீரென உலுக்கப்படாததற்கும் இவ்வுத்தி ஒரு காரணம். அட்லாண்டிக் சிட்டி களத்தில் 1927-இல் ஃபிராங்க் லாக்ஹார்ட் ஒரு சுற்றை மணிக்கு 236 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் முடித்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன் பலகைமேல் எட்டப்பட்ட வேகம் இது என்பது இன்றும் வியப்பளிக்கிறது.

எனினும் வேகத்தைத் தந்த அதே மரம்தான் களங்களின் ஆயுளையும் குறுக்கியது. பிளாயா டெல் ரே களம் 1913-இல் தீக்கிரையாயிற்று. மயாமிக்கு அருகே எழுப்பப்பட்ட ஃபுல்ஃபோர்ட் களம் 1926 பிப்ரவரியில் ஒரே ஒரு பந்தயத்தைக் கண்டு, செப்டம்பர் மாதச் சூறாவளியில் சிதைந்தது. எஞ்சியவற்றை வெயிலும் மழையும் பூஞ்சையும் சில ஆண்டுகளுக்குள் உளுக்கச் செய்தன; பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே தச்சர்கள் அடியில் நின்று பலகைகளைச் செப்பனிட வேண்டிய நிலையும் வந்தது. எஞ்சின்கள் சிந்திய எண்ணெய் தளத்தை வழுக்கலாக்கியது. நியூவார்க்கில் 1912-இல் மோட்டார் சைக்கிள் ஒன்று தடுப்பில் மோதியபோது இரு வீரர்களோடு பார்வையாளர்களும் மாண்டனர். 1920-இல் இண்டியானாபொலிஸ் பந்தயத்தை வென்ற காஸ்டன் செவ்ரோலே அதே ஆண்டு பெவர்லி ஹில்ஸில் உயிரிழந்தார். 1931-இல் அல்டூனாவில் நடந்த பந்தயத்தோடு மரக் களங்களில் நடந்துவந்த அமெரிக்கத் தேசியப் பந்தயங்கள் முடிவுக்கு வந்தன.

தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயம் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் வளர்ந்து, 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தார்க் களத்துக்கு இடம் மாறியது. மரக் களத்தின் வாரிசு வந்து சேர்ந்ததோ பொருட்காட்சித் திடலுக்கு. அமெரிக்கக் கேளிக்கைத் திடல்களில் சிறு வட்டங்களாகச் சுருங்கிய மோட்டார்டிரோம், சாய்வு கூடிக்கூடிச் செங்குத்துச் சுவராகி, ‘மரணக் கிணறு’ என்ற பெயரில் இந்தியாவெங்கும் பரவியது. அங்கே சாய்வு 90 டிகிரி. ஆகவே வண்டியைக் கீழே விழாமல் பிடிப்பது உராய்வு மட்டுமே. ஐந்து மீட்டர் ஆரமுள்ள கிணற்றில் உலர்ந்த பலகைமேல் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகம் இதற்குப் போதும்; 50 கிலோமீட்டரில் சுவர் ஓட்டுநரின் எடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விசையால் அவரை அழுத்துகிறது. அந்த விசை முழுவதையும் எதிர்கொள்பவை, லாரியில் ஊர் ஊராகச் சென்று பூட்டிக் கழற்றப்படும் பலகைகளும் போல்ட்டுகளுமே.

எந்த மரம் எவ்வளவு தாங்கும் என்பது ஜவ்வாது மலையடிவாரத்துக்குப் புதிதன்று. திருப்பத்தூரின் வனத்துறைச் சந்தனக் கிடங்கில் மதிப்புப் பெறுவது நடுவே உள்ள வைரக்கட்டை. கறையானுக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாகும் சாற்றுக்கட்டை செதுக்கி நீக்கப்படுகிறது. இந்த அறிவு பொருட்காட்சித் திடல்களுக்கும் செல்ல வேண்டும். மரணக் கிணற்றுக்கு அனுமதி வழங்குவோர், மரத்தை அறிந்த ஒருவரைக் கொண்டு ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்த்து, உளுத்ததை மாற்றிய பின்னரே முதல் காட்சியைத் தொடங்க விட வேண்டும்.