முதற்பிள்ளையை விட்டுவிட்டு இரண்டாம் பிள்ளையை ஏன் தாக்குகிறது?

ஸ்கூடாயில் கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லும் இளஞ்சிவப்புப் புத்தகத்தில், இரத்த வகைக்குப் பக்கத்தில் ‘நெகட்டிவ்’ என்றிருந்தால் கலங்காதீர்கள். மலேசியாவில் மலாய், சீனச் சகோதரிகளைவிட இந்திய வம்சாவளியினரிடமே இவ்வகை அதிகம்.

தந்தை வழியாகச் சிசு ‘பாசிட்டிவ்’ இரத்தம் பெற்றிருந்து, பிரசவ சமயத்தில் அதில் சில துளிகள் தாயின் இரத்தத்தில் கலக்க நேர்ந்தால், அவள் தேகம், அன்னியனை முதன்முறை கண்ட காவற்காரனைப் போல, அம்முகத்தை மெல்ல மனத்தில் பதித்துக்கொள்கிறது. அதற்குள் முதற்குழந்தை சுகமாகத் தொட்டிலேறிவிடும். அடுத்த சிசுவும் அதே முகத்தோடு வந்தாலோ, தடி ஓங்கப்படுகிறது: அதன் சிவப்பணுக்கள் சிதைந்து, சோகையும் மஞ்சட்காமாலையும் உண்டாகின்றன.

பரிகாரம்? காவற்காரன் கண்ணில் படுமுன் அன்னியனை அப்புறப்படுத்துவதுதான்! 1968 முதல் வழக்கிலுள்ள ‘ஆன்டி-டி’ ஊசி அதையே செய்கிறது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் அதைப் போட்டுவிட வேண்டும். கருச்சிதைவு நேர்ந்தாலும் மருத்துவரிடம் கேட்க மறவாதீர்கள், அம்மா.