மலையேறிய உடம்பும் கல்லாவில் உட்கார்ந்த உடம்பும்

இலங்கையின் பசறை, நமுனுகுலத் தேயிலைத் தோட்டங்களில் காலைச் சாப்பாடு கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனி போட்ட தேத்தண்ணி. மாவும் சீனியும் மிகுதிதான். கொழுந்துச் சுமையோடு ஏறி இறங்குகையில் பெரும்பகுதி எரிந்துவிடுகிறது.

சிக்கல் பிள்ளைகளுக்கு. 2016 சுகாதார ஆய்வின்படி, இலங்கைத் தோட்டப்புறங்களில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 31.7 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். நாடு முழுதும் 17 சதவீதம். கருவிலேயே பசியறிந்த உடம்பு பின்னாளில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் என்பது பிரிட்டிஷ் மருத்துவர் டேவிட் பார்க்கர் வழிவந்த கருத்து. அப்படிப் பசியறிந்த தோட்டப் பிள்ளை வளர்ந்து, கொழும்புக் கடைக் கல்லாவில் உட்கார்ந்து கொத்து ரொட்டிக்குப் பழகினால்? வயிறுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

அந்தப் பருமனுக்குப் பரம்பரை மீது முழுப்பழியையும் போட முடியாது. பருமனோடு தொடர்புண்டு என 2007இல் தெரியவந்த எஃப்டிஓ மரபணுவின் பாதகமான வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்த ஐரோப்பியருக்கே சராசரியாக 3 கிலோதான் கூடுதல். உடலுழைப்பு அதையும் குறைக்கிறது.