நாரி முள்ளந்தண்டு நிலைப்படுத்தும் முறைகள்: உறுதி ஒப்பீடு

நாரி முள்ளந்தண்டு நிலைப்படுத்தல் என்பது இடுப்புப் பகுதியிலுள்ள 5 முள்ளெலும்புகளில் இரண்டையோ அதற்கு மேற்பட்டவற்றையோ திருகு, தண்டு, கூண்டு போன்ற உள்வைப்புகளால் பிணைக்கும் அறுவை மருத்துவம் ஆகும். எலும்பு முறிவு, முள்ளெலும்பு நழுவல், வட்டுத் தேய்வு ஆகியவற்றுக்கு இது செய்யப்படுகிறது. எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி வளரும் மாதங்களில் அவற்றை அசையாமல் வைத்திருப்பதே உள்வைப்பின் பணி. எலும்பு ஒட்டாவிட்டால் உலோகம் நாளடைவில் தளரலாம் அல்லது முறியலாம்.

அளவிடும் முறை

உடல் தானத்தால் கிடைக்கும் முள்ளந்தண்டுத் துண்டுகளில் உறுதி சோதிக்கப்படுகிறது. பெரும்பாலும் 7.5 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறன் கொடுத்து, குனிதல், பின்சாய்தல், பக்கவாட்டில் சாய்தல், திரும்புதல் ஆகியவற்றில் முள்ளெலும்புகள் எத்தனை பாகை அசைகின்றன என்று அளக்கிறார்கள். அசைவு குறையும் அளவுக்கு உறுதி கூடுகிறது.

முறைகளின் ஒப்பீடு

காம்புத் திருகு: பிரான்சின் ரேமண்ட் ராய்-கமில் 1963-இல் பயன்படுத்தத் தொடங்கியது. திருகு பின்புறமிருந்து முள்ளெலும்புக் காம்பு வழியாக முன்னுடல் வரை செல்வதால், இருபுறமும் பொருத்தும்போது எல்லாத் திசை அசைவும் வெகுவாகக் குறைகிறது.

ஒருபுறத் திருகு: தசைச் சிதைவும் செலவும் குறைவு. ஆனால் திரும்புதலிலும் பக்கச் சாய்விலும் உறுதி குறைவு. கூண்டு வைப்பதற்காக ஒரு முகப்பு மூட்டை அகற்றியிருந்தால் இக்குறை கூடுதலாகத் தெரியும்.

முன்புறக் கூண்டு மட்டும்: குனிதலை நன்கு தடுக்கும், பின்சாய்தலைத் தடுப்பதில் வலுவற்றது. பின்புறத் திருகுகள் சேர்ந்தால் இக்குறை நீங்கும்.

புறணிப் பாதைத் திருகு: அடர்ந்த எலும்பு வழியே மேல்நோக்கியும் வெளிநோக்கியும் செலுத்தப்படுகிறது. 2009-இல் வெளியான ஆய்வில், வழக்கமான திருகைவிட இதனைப் பிடுங்க 30 சதவீதம் கூடுதல் விசை தேவைப்பட்டது.

எலும்பின் தரமும் திருகின் இடமும்

எலும்புப்புரை உள்ளவர்களிடம் திருகின் பிடிமானம் குறைகிறது. எனவே எலும்புச் சிமெண்டு, தடித்த திருகு, கூடுதல் முள்ளெலும்புகளைச் சேர்த்துப் பிணைத்தல் ஆகியவை கையாளப்படுகின்றன. திருகு காம்பை விட்டு விலகினால் பிடிமானம் குறைவதோடு நரம்பும் காயப்படலாம். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழுவினர், முதுகு வளைவைத் திருத்தும் அறுவைகளில் மார்பு முள்ளெலும்புத் திருகுகளை ஒப்பிட்டு 2007-இல் ஆய்வு வெளியிட்டனர். அதில் கணினி வழிகாட்டல் இல்லாதபோது 23 சதவீதத் திருகுகளும், வழிகாட்டலுடன் 2 சதவீதத் திருகுகளும் காம்பைத் துளைத்து விலகியிருந்தன.

சோதனைக்கூட முடிவின் எல்லை

சடலத் துண்டில் தசை இயங்காது; எலும்பும் ஒட்டி வளராது. அங்கு மிக உறுதியாக இருந்த அமைப்பே எல்லா நோயாளிக்கும் ஏற்றது என்று கொள்ள முடியாது. மிகவும் விறைப்பான பிணைப்பு, அடுத்துள்ள வட்டின் மீது சுமையைக் கூட்டக்கூடும். ஆகவே அகற்றப்பட்ட மூட்டு, எலும்பின் அடர்த்தி, நோயாளி திரும்பிச் செய்யவுள்ள வேலை ஆகியவற்றைப் பார்த்தே முறை தேர்ந்தெடுக்கப்படுகிறது.