குளிர்ந்த காற்று காரின் திறனைக் கூட்டுவது ஏன்?

பெட்ரோல் எஞ்சினில் 1 கிராம் எரிபொருள் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவைப்படுவதால், சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று நுழைகிறது என்பதே அதன் திறனுக்கு வரம்பாகிறது. பானட்டுக்கு அடியில் 60 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்று, வெளியே 30 டிகிரியில் உள்ள காற்றைவிட ஏறக்குறைய 9 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. ஆகவே பம்பருக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றை இழுத்துவரும் குழாய், ஸ்குரூடிரைவரும் ஸ்பேனரும் கொண்டே வீட்டில் பொருத்தத்தக்க எளிய மாற்றமாகக் கருதப்படுகிறது. ஆயினும் இன்றைய கார்கள் பலவற்றில் தயாரிப்பாளர் பொருத்திய குழாயே வெளிக்காற்றைத்தான் இழுப்பதால், கூடுவது பெரும்பாலும் திறனைவிட ஓசையே. இத்தகைய குழாயுடன் பொருத்தப்படும் எண்ணெய் தடவிய காற்று ஃபில்டரில் எண்ணெய் மிகுந்தால், நுழையும் காற்றின் நிறையை அளக்கும் சென்சாரின் மெல்லிய சூடான கம்பியில் அது படிந்து அளவைப் பிறழச் செய்யும். சென்சாருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள இணைப்பில் கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, அளக்கப்படாத காற்று புகுந்து, கலவையில் எரிபொருளின் பங்கு குறைந்து, ஐடிலிங்கில் எஞ்சின் தடுமாறும்.