தணிக்கை நிரலுக்கு எந்தச் சாவி?

சங்கக் கணக்குகள் கணிப்பொறியில் ஏறிய பின்னர், தணிக்கைச் சான்றுகளைத் தானே திரட்டும் நிரலும் வந்துவிட்டது. அதற்குத் தரவுத்தளத்தில் எவ்வளவு அனுமதி அளிக்கலாம் என அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர். நிர்வாகியின் கடவுச்சொல்லையே கொடுத்துவிடுவது எளிதுதான். பேரேட்டைப் பார்வையிட வந்தவரிடம் இரும்புப் பெட்டிச் சாவியை ஒப்படைப்பதும் எளிதே!

போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். நிரலுக்கெனத் தனிப் பெயர் ஒன்றைப் பதிந்து, வேண்டிய அட்டவணைகளை மட்டும் படிக்க ‘செலக்ட்’ உரிமை வழங்குதல் வேண்டும். எவரெவர் உள்ளே நுழையலாம், எவர் நிர்வாகி என்பதை ‘பிஜி_ரோல்ஸ்’ பட்டியலே காட்டும். கடவுச்சொல் அதில் வெளிப்படாது. பிறர்க்கு மறைக்கப்பட்ட அமைப்புகளையும் காணவேண்டின், 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பு முதல் ‘பிஜி_ரீட்_ஆல்_செட்டிங்ஸ்’ என்னும் உரிமை உண்டு.

2021இல், 14ஆம் பதிப்பில் வந்த ‘பிஜி_ரீட்_ஆல்_டேட்டா’ முற்றிலும் வேறு. பெயர் ஒத்திருப்பினும், அஃது ஒவ்வோர் அங்கத்தினரின் கடனையும் சேமிப்பையும் திறந்து காட்டிவிடும். நான் பார்வையிட்ட சங்கமொன்றில் இவ்வுரிமையே தரப்பட்டிருந்தது. “படிக்கத்தானே இயலும், திருத்த இயலாதே” என்று சமாதானம் கூறினர். நெசவாளர் ஒருவரின் கடன் பாக்கியைப் பிறர் படித்தாலே போதாதா? ‘ரிவோக்’ கட்டளையால் அன்றே அவ்வுரிமையை நீக்கச் செய்தேன்.