வண்டியைக் கம்பெனியில் விடலாமா, நாமே பார்க்கலாமா?

மாதக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது சங்க வாசலில் வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்களை ஒரு நோட்டம் விடுவது என் வழக்கம். ரயில்வேயில் கேரேஜ் அண்டு வேகன் பிரிவில் காலம் தள்ளியவனுக்குச் சக்கரம் என்று எதைக் கண்டாலும் குனிந்து பார்க்காமல் இருக்க முடிவதில்லை. டாங்க் பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருக்கும். செயினோ காய்ந்து செந்நிறமாகித் தொங்கும். பின் டயர் பாதிக் காற்றில் அமுங்கி நிற்கும். "என்ன சார், வண்டியைக் கவனிப்பதில்லையா?" என்று கேட்டால் பதில் தயாராக வரும்: "போன மாதம்தானே சார் கம்பெனி சர்வீஸ் விட்டேன்!"

வேறொரு சாரார் இருக்கிறார்கள். கம்பெனி ஒர்க்ஷாப் என்றாலே கொள்ளை என்பது அவர்கள் கட்சி. இலவச சர்வீஸ் முடிந்த மறுநாளே ஒரு ஸ்பேனர் செட் வாங்கி, எல்லாவற்றையும் தாமே கழற்றிப் பூட்டுவார்கள். இரண்டு கட்சியிலும் எனக்கு நெருங்கிய நண்பர்கள் இருப்பதால், இருவரிடமும் நல்ல பெயர் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ராஜ்தூத், எஸ்டி, பழைய புல்லட் ஓடிய காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. வண்டியோடு வந்த தோல் பையில் இருந்த நாலு ஸ்பேனரும் ஒரு பிளக் ஸ்பேனரும் போதும். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்ப்போம். பாயின்ட் இடைவெளியைச் சரிசெய்வோம். கார்புரேட்டர் ஜெட்டை ஊதி அடைப்பு எடுப்போம். அதற்கும் மசியாவிட்டால் வேப்பமரத்தடியில் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் மிஸ்திரி இருந்தார். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே வியாதியைச் சொல்லிவிடுவார். நம்மில் பலர் இந்தி கற்றுக்கொண்டதே அப்படிப்பட்ட மிஸ்திரிகளிடம்தான் என்றால் மிகையாகாது.

இன்று நிலைமை வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி வந்தபோது பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்தது. டாங்குக்குள் பம்பு, சைலன்சர் குழாயில் ஆக்சிஜன் சென்சார், சீட்டுக்கு அடியில் எல்லாவற்றையும் கணக்குப் பார்க்கும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதலே ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். மீட்டரில் இன்ஜின் விளக்கு எரிந்தால் அது எதனால் என்று அறிய மின்னணுக் கருவியைச் செருகிப் பார்க்க வேண்டும். மரத்தடி மிஸ்திரி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் காதால் கேட்டுச் சொல்லக்கூடிய விஷயமல்ல அது.

அப்படியானால் எல்லாவற்றையும் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட வேண்டியதுதானே? இங்கேதான் எனக்கு ரயில் ஞாபகத்துக்கு வருகிறது.

ஒரு ரயில் புறப்படும் முன் எங்கள் பிரிவு ஆட்கள் வண்டி முழுவதும் நடந்து பார்த்து, பிரேக் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டு பிரேக் பவர் சர்டிபிகேட் கொடுப்போம். டிரைவரும் கார்டும் அதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார்கள். வாங்கியவுடன் டிரைவர் அதை நம்பிக் கிளம்பிவிடுவதில்லை. என்ஜினிலிருந்து கடைசிப் பெட்டி வரை பிரேக் தொடர்ச்சி இருக்கிறதா என்று கார்டோடு சேர்ந்து சோதிப்பார். கிளம்பிய பிறகும் ஓட்டத்தில் ஒரு முறை பிரேக்கைப் போட்டு, பிடிக்கிற விதத்தைப் பார்ப்பார். இதை நாங்கள் அவமதிப்பாக எடுத்துக்கொண்டதே கிடையாது. காகிதம் கொடுப்பது எங்கள் வேலை. வண்டியில் உட்கார்ந்து போகிறவர் அவர்.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் அந்த டிரைவர் நாம்தான். ஸ்பேனர் பிடிக்கிற வேலையை யாரிடமும் கொடுக்கலாம், பார்க்கிற வேலையைக் கொடுக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால் விளங்கும்.

2023 மழைக்காலம். எங்கள் பக்கத்துவீட்டுப் பையன் புட்டிபோரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். வர்தா ரோடில் லாரிகளுக்கு நடுவே தினமும் போய் வர வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை, வண்டியைக் கம்பெனி சர்வீஸிலிருந்து எடுத்து வந்து வாசலில் நிறுத்தினான். பின் பிரேக் ஷூ புதிதாக மாற்றியிருந்தார்கள். வழக்கம்போல நான் குனிந்து பார்த்தேன். பின் சக்கரத்தின் பிரேக் பிளேட்டை வண்டியின் சட்டத்தோடு பிடித்து நிறுத்த ஒரு இரும்புப் பட்டை உண்டு. டார்க் ராடு என்பார்கள். அதன் போல்ட்டில் நட்டு மட்டும் இருந்தது. நட்டு கழலாமல் இருக்கக் குறுக்கே செருகும் காட்டர் பின் இல்லை. நட்டைத் தொட்டால் விரலிலேயே சுற்றியது.

"தம்பி, திங்கட்கிழமை இதில் வேலைக்குப் போகாதே" என்றேன்.

"ஏன் மாமா, பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே?"

பிடிக்கும். பிரேக்கை மிதிக்கும்போது சுழலும் டிரம் அந்தப் பிளேட்டையும் தன்னோடு இழுக்கப் பார்க்கும். சுற்றவிடாமல் தடுப்பது அந்தப் பட்டை ஒன்றுதான். நட்டு விழுந்து பட்டை கழன்றுவிட்டால் அடுத்த முறை மிதிக்கும்போது பிளேட்டும் சேர்ந்து சுழலும். பிரேக் ராடு முறுக்கிக்கொள்ளும். சக்கரம் நின்ற இடத்திலேயே பூட்டிக்கொள்ளலாம். பின்னால் லாரி வரும் சாலையில் அதற்கு என்ன அர்த்தம் என்று விவரிக்க வேண்டியதில்லை. ரயில் பெட்டிக்கு அடியில் பிரேக் கியர் பின்களில் காட்டர் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தவனுக்கு அந்த வெற்று ஓட்டை கண்ணில் பட்டது ஆச்சரியமில்லை.

மறுநாள் அவன் அப்பாவும் நானும் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். சூப்பர்வைசர் ஜாப் கார்டைக் காட்டினார். பிரேக் என்ற வரிக்கு நேராக அழகாக ஒரு டிக். வேலை செய்த பையனைக் கூப்பிட்டார்கள். இருபது வயது இருக்கும். தலையைக் குனிந்தபடி பின்னைச் செருகி மடக்கினான். "அன்றைக்கு எத்தனை வண்டி பார்த்தாய்?" என்று இந்தியில் கேட்டேன். "பாரஹ், அங்கிள்ஜி" என்றான். பன்னிரண்டு! பிட் லைனில் ஒரு ஆள் இத்தனை நிமிடத்தில் இத்தனை பெட்டிதான் பார்க்க முடியும் என்று கணக்குப் போட்டு ஆள் வாங்கச் சண்டை போட்டவன் நான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அவன் வேலைக்கு மேல் ஒரு இரண்டாவது கண் வைக்காத ஏற்பாட்டின் மேல்தான் வந்தது.

ஆகவே வண்டியை எடுக்கும்போது பில்லைப் பார்க்கும் முன் சக்கரத்தைப் பாருங்கள். முன், பின் ஆக்சில் நட்டு, அந்த டார்க் ராடு, காட்டர் பின் இருக்க வேண்டிய இடங்கள். செயினைக் கீழ்ப்புறம் நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் பல வண்டிகளில் இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டர் வரை ஆட வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை எத்தனை பேர் பிரித்துப் பார்த்திருக்கிறோம்? பிரேக் பெடலில் கொஞ்சம் விளையாட்டு இருக்க வேண்டும், அதிகமும் கூடாது. பிறகு ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பணம் கட்டலாம்.

வீட்டுக்கு வந்ததும் சக்கர டிரம்மைப் புறங்கையால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பிரேக் அதிகம் போடாமல் வந்தும் சுடுகிறது என்றால் ஷூ உரசுகிறது. ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றதும் ஆக்சில் பாக்ஸைத் தொட்டுச் சூடு பார்த்த வித்தைதான் இதுவும். டிஸ்க் பிரேக் என்றால் தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

கொடுக்கும்போதும் ஒரு முறை உண்டு. "ஜெனரல் சர்வீஸ்" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வராதீர்கள். என்ன சத்தம், எந்த வேகத்தில், சூடான பிறகா, காலையில் ஸ்டார்ட் செய்யும்போதா என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். மாற்றிய பழைய பாகங்கள் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் மாற்றாத பாகத்துக்குப் பில் வராது. டேப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் என்று பில்லில் இருந்தால் எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள். அது இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு செய்யும் வேலை. ஓட்டி வந்து நிறுத்திய அரை மணியில் முடிந்தது என்றால் நம்ப வேண்டியதில்லை. இன்ஜின் ஃப்ளஷ், ஆயிலில் கலக்கும் மருந்து, டெஃப்லான் பூச்சு என்று கவுண்டரில் நீட்டுவதெல்லாம் வண்டிப் புத்தகத்தின் அட்டவணையில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் சிரித்த முகத்தோடு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இனி, தாமே பார்ப்பவர்கள் கட்சிக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் கைத்திறன் உள்ளவர்தான். காருக்கு வாங்கிய விலை உயர்ந்த ஆயில் ஒரு லிட்டர் மீதம் இருந்தது. உயர்ந்த சரக்குதானே என்று மோட்டார் சைக்கிளில் ஊற்றினார். சில வாரங்களில் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்துகிறது, வண்டி போகவில்லை. நம் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கிக் கிடப்பவை. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்திருக்கும். அது இன்ஜினுக்கு நல்லது, கிளட்ச்சுக்கு வழுக்கல். மோட்டார் சைக்கிள் ஆயில் டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்று போட்டிருப்பது இதற்காகத்தான். ஆயில் மிச்சமானது, கிளட்ச் தட்டு செட்டுக்குச் செலவாயிற்று.

அலுமினிய இன்ஜினில் டிரெயின் போல்ட்டை மல்யுத்த வீரர் போல முறுக்கித் திருகு மரையை அழித்தவர்களும் நம் ஊரில் உண்டு. எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கும் ஒரு எண் இருக்கிறது. அதற்கு டார்க் ரெஞ்ச் வேண்டும், கைக்கணக்கு போதாது. ஏ.பி.எஸ். பிரேக்கின் திரவம் மாற்றுவது, ஃபோர்க்கைப் பிரிப்பது, இன்ஜெக்ஷன் பம்பு, வயரிங் இவற்றில் வீட்டு முற்றத்தில் கை வைக்காமல் இருப்பதே உத்தமம். வாரன்டி காலத்தில் சர்வீஸ் தேதியையோ கிலோமீட்டரையோ தவறவிட்டாலும் பின்னால் பேச முடியாது. அந்த பில்கள் எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

நம் கைக்கு உரிய வேலைகள் வேறு. வாரம் ஒரு முறை, காலையில், டயர் ஆறியிருக்கும்போது காற்று. நாக்பூர் மே மாத மதிய வெயிலில் ஓட்டிப்போய் அளந்தால் அளவு கூடுதலாகத்தான் காட்டும். இன்னும் இறங்கவில்லை என்று ஏமாந்து போவோம். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தால் அதற்கு முன்பே, செயினைத் துடைத்து ஆயில். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும் சில செயின்களில் உள்ள ரப்பர் வளையங்களைத் தின்றுவிடும். ஆயில் மட்டம், விளக்குகள், கேபிள்கள். நம் ஊர்ப் புழுதிக்கு ஏர் ஃபில்டரை அட்டவணைக்கு முன்பே பார்க்கலாம். ஆனால் எண்ணெய் தோய்ந்த காகித ஃபில்டர் என்றால் காற்றடித்து ஊதாமல் புதிதாக மாற்றுங்கள். ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளுக்கும் செயின் தவிர மற்றதெல்லாம் பொருந்தும். காற்று அளக்கும் கேஜ் பிடிக்க ஆண்பிள்ளை வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி, கிலோமீட்டர், என்ன செய்தோம், எவ்வளவு பெட்ரோல் என்று எழுதி வாருங்கள். டாங்க் நிரப்பி அடுத்த முறை நிரப்பும் வரை கணக்குப் பார்த்தால் மைலேஜ் தெரியும். அது திடீரென்று குறைந்தால் வண்டி ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். சர்வீஸ் சென்டரில் நோட்டைப் பிரித்து வைத்துப் பேசினால் மரியாதையே தனி.

கம்பெனியில் நியாயம் கிடைக்காவிட்டால் சும்மா இருக்க வேண்டியதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். உதிரிபாகங்களை வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததாக 2014-இல் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. 2022-இல் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்து இணையதளமும் தொடங்கியது. மரத்தடி மிஸ்திரிகளின் பிள்ளைகளுக்கும் அந்த மின்னணுக் கருவியும் அசல் பாகமும் கிடைக்கும் நாள் வந்தால் நமக்கும் பேரம் பேச இன்னொரு கதவு திறக்கும்.

கடைசியாக, கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு. சர்வீஸ் தேதி நடுவில் விழுகிறதா என்று பார்த்து, விழுந்தால் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். வண்டியை நிழலில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, செயினுக்கு ஆயில் விட்டு, பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வையுங்கள். பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுக்கும். ஆகையால் பாதி டாங்கில் விட்டுப் போவதைவிட நிரப்பிவிட்டுப் போவது நல்லது. ஜூனில் நீங்கள் திரும்பும்போது இங்கே மழை தொடங்கியிருக்கும். ஸ்டேஷனிலிருந்து வந்த களைப்போடு அன்றே சாவியைப் போட்டுக் கிளப்ப வேண்டாம். மறுநாள் காலை காற்றையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு, தெருமுனை வரை மெல்ல ஓட்டிப் பார்த்த பிறகு ஆபீஸுக்கு எடுங்கள்.