17-இல் 16 ஆட்டங்கள்: பஃபலோ பில்ஸ் அணியின் 2022 சீசனை மாற்றிய ஓர் இரவு

அமெரிக்கக் கால்பந்தின் உயரிய தொழில்முறைப் போட்டியான தேசிய கால்பந்து லீக்கில் (என்எஃப்எல்) ஒவ்வோர் அணியும் ஒரு சீசனில் 17 லீக் ஆட்டங்களில் விளையாட வேண்டும். ஆனால், 2022 சீசனின் தரவரிசைப் பட்டியலில் இரண்டு அணிகளுக்கு மட்டும் 16 ஆட்டங்களே பதிவாகியுள்ளன. ஒன்று, நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பஃபலோ பில்ஸ். மற்றொன்று, ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த சின்சினாட்டி பெங்கால்ஸ்.

இவ்விரு அணிகளும் 2023 ஜனவரி 2 அன்று மோதிய ஆட்டத்தில், பஃபலோ அணியின் 24 வயது வீரர் டமார் ஹாம்லினின் இதயத் துடிப்பு மைதானத்திலேயே நின்றுபோனது. அவர் உயிர் பிழைத்தார். ஆட்டம் மட்டும் முடிக்கப்படவே இல்லை. அந்த ஒரு முடிவு, லீக்கின் ஒட்டுமொத்தக் கணக்கையும் மாற்றியமைத்தது.

ஓர் ஆட்டம் ஏன் இவ்வளவு முக்கியம்?

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும் எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடப்பதே அமெரிக்கக் கால்பந்து. ஓர் அணிக்கு 11 பேர் களத்தில் இருப்பர். பந்துடன் வருபவரை உடலால் மோதி வீழ்த்துவது விதிகளுக்கு உட்பட்டது. காயங்கள் மிகுந்த விளையாட்டு என்பதால் அணிகள் பொதுவாக வாரத்துக்கு ஓர் ஆட்டம் மட்டுமே ஆடுகின்றன. செப்டம்பரில் தொடங்கி ஜனவரி தொடக்கம் வரை 18 வாரங்களில் 17 ஆட்டங்கள் நடைபெறுகின்றன.

மொத்தமுள்ள 32 அணிகள், தலா 16 அணிகள் கொண்ட இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் 7 அணிகள் நாக் அவுட் சுற்றுக்குத் தகுதி பெறும். அங்கு ஒரு தோல்வி அடைந்தாலே வெளியேற வேண்டும். பிரிவில் முதலிடம் பிடிக்கும் அணிக்கு இரண்டு சலுகைகள் உண்டு: முதல் சுற்றில் விளையாடாமல் ஒரு வாரம் ஓய்வு, இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு முந்தைய ஆட்டங்கள் அனைத்தையும் சொந்த மைதானத்தில் ஆடும் உரிமை.

ஐபிஎல் கிரிக்கெட்டில் மழையால் ஆட்டம் கைவிடப்பட்டால் இரு அணிகளுக்கும் தலா ஒரு புள்ளி வழங்கப்படும். என்எஃப்எல்லில் அத்தகைய புள்ளி முறை கிடையாது. வெற்றி விகிதமே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. எனவே ஒரே ஓர் ஆட்டம் குறைந்தாலும் அணிகளின் வரிசை மாறக்கூடும்.

முதலிடத்தைக் குறிவைத்த பஃபலோ

பஃபலோ அணி இதுவரை சூப்பர் பௌல் கோப்பையை வென்றதில்லை. 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இறுதிப் போட்டிக்கு முன்னேறி, நான்கிலும் தோல்வியடைந்த அணி அது.

2022 ஜனவரியில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கு எதிரான நாக் அவுட் ஆட்டத்தில், முடிய 13 விநாடிகளே இருந்தபோது பஃபலோ முன்னிலை வகித்தது. அந்தச் சொற்ப நேரத்தில் ஆட்டத்தைச் சமன் செய்த கான்சாஸ் சிட்டி, கூடுதல் நேரத்தில் 42-36 என்ற கணக்கில் வென்றது. அந்த ஆட்டம் கான்சாஸ் சிட்டியின் சொந்த மைதானத்தில் நடைபெற்றது. ஆகவே, இம்முறை முதலிடம் பிடித்து, இதுபோன்ற ஆட்டத்தைப் பஃபலோவில் ஆட வேண்டும் என்பதே அணியின் முதன்மை இலக்காக இருந்தது.

தொடக்கமும் அதற்கேற்ப அமைந்தது. முதல் ஆட்டத்தில் நடப்பு சாம்பியனான லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியை 31-10 என்ற கணக்கில் பஃபலோ வென்றது. அக்டோபர் 16 அன்று கான்சாஸ் சிட்டியையும் அதன் மைதானத்திலேயே 24-20 என வீழ்த்தியது. இரு அணிகளும் சமநிலையில் முடித்தால் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தின் முடிவே கணக்கில் கொள்ளப்படும் என்பதால், இந்த வெற்றி இரட்டை மதிப்புடையதாக இருந்தது.

நகரத்தைத் துரத்திய துயரங்கள்

சீசன் தொடங்கும் முன்பே பஃபலோ நகரம் துயரத்தில் ஆழ்ந்திருந்தது. 2022 மே 14 அன்று அங்குள்ள பல்பொருள் அங்காடி ஒன்றில் நடந்த இனவெறித் துப்பாக்கிச் சூட்டில் கறுப்பினத்தவர் 10 பேர் கொல்லப்பட்டனர்.

நவம்பரில் அணியின் மைதானம் அமைந்துள்ள ஆர்ச்சர்ட் பார்க் பகுதியில் 6 அடிக்கும் அதிகமாகப் பனி கொட்டியது. இதனால் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணிக்கு எதிரான உள்ளூர் ஆட்டம் டெட்ராய்ட் நகருக்கு மாற்றப்பட்டது. டிசம்பர் இறுதியில் வீசிய பனிப்புயலில் பஃபலோ நகரிலும் சுற்றுப்புறங்களிலும் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அப்போது சிகாகோவில் வெற்றி பெற்றிருந்த வீரர்களால் அன்றிரவு வீடு திரும்ப முடியவில்லை. மறுநாள் கிறிஸ்துமஸ் அன்று, அருகிலுள்ள ராச்செஸ்டர் நகரில்தான் அவர்களின் விமானம் தரையிறங்கியது.

இத்தனைக்கும் இடையே 12 வெற்றி, 3 தோல்வி என்ற நிலையில் பஃபலோ அணி சின்சினாட்டிக்குச் சென்றது.

ஜனவரி 2 இரவு நடந்தது என்ன?

ஆட்டத்தின் முதல் கால் பகுதி முடிய 6 நிமிடங்களுக்கும் சற்றுக் குறைவாகவே இருந்தது. சின்சினாட்டி 7-3 என முன்னிலையில் இருந்தது. பந்தைப் பிடித்து ஓடி வந்த சின்சினாட்டி வீரர் டீ ஹிக்கின்ஸை ஹாம்லின் மோதி வீழ்த்தினார். இந்த விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை நிகழும் சாதாரண மோதல் அது. ஹாம்லின் எழுந்து நின்றார். ஓரிரு அடிகள் வைத்தார். பின்னர் அப்படியே மல்லாந்து விழுந்தார்.

உடனடியாக விரைந்து வந்த மருத்துவக் குழுவினர் அவருக்குச் சிபிஆர் எனப்படும் இதய இயக்க மீட்பு முதலுதவியை அளித்தனர். மார்பை அழுத்தி இதயத்தை இயக்கும் அப்பணியைப் பஃபலோ அணியின் உதவிப் பயிற்சி மருத்துவப் பணியாளர் டென்னி கெல்லிங்டன் மேற்கொண்டார். மின்னதிர்வு கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியும் பயன்படுத்தப்பட்டது. துடிப்பு மீண்டும் வந்தது. ஹாம்லினைச் சுற்றி அரணாக நின்ற சக வீரர்கள் பலர் மண்டியிட்டு அழுதனர்.

ஆம்புலன்ஸ் புறப்பட்ட பின் இரு அணிகளின் பயிற்சியாளர்களான ஷான் மெக்டெர்மட்டும் ஜாக் டெய்லரும் களத்திலேயே கலந்து பேசினர். வீரர்கள் ஓய்வறைகளுக்குத் திரும்பினர். ஹாம்லின் விழுந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின், ஆட்டம் ஒத்திவைக்கப்படுவதாக லீக் அறிவித்தது.

இதயம் நின்றது ஏன்?

ஹாம்லினுக்கு ஏற்பட்டது 'கொமோஷியோ கார்டிஸ்' என்ற அரிய பாதிப்பு என்பது பின்னர் உறுதி செய்யப்பட்டது. இதயம் நலமாக இருப்பவருக்கும் இது நேரலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் இடையே இதயத் தசை தன் மின்நிலையை மீட்டுக்கொள்ளும் மிகக் குறுகிய கணம் ஒன்று உண்டு. ஒரு விநாடியின் நூறில் சில பங்கு அளவே நீடிக்கும் அக்கணத்தில் மார்பின் இடப்புறம் பலமான அடி விழுந்தால், இதயத்தின் மின் ஒழுங்கு குலைந்துவிடும். இதயம் துடிப்பதற்குப் பதிலாக வெறுமனே நடுங்கும். மூளைக்கு ரத்தம் செல்வது நின்றுவிடும்.

பேஸ்பால், ஹாக்கி, லக்ராஸ் போன்ற விளையாட்டுகளில் பந்து மார்பில் தாக்கி இளம் வீரர்கள் இவ்வாறு பாதிக்கப்படுவது மருத்துவத் துறை அறிந்த ஒன்றே. முதலுதவி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் வரை குறைவதாக மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர்.

ஹாம்லின் பிழைத்ததற்கு நல்வாய்ப்பு மட்டும் காரணமன்று. என்எஃப்எல் ஆட்டம் ஒவ்வொன்றிலும் சுமார் 30 மருத்துவப் பணியாளர்கள் மைதானத்தில் இருப்பர். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரத்துக்கு முன்பு இரு அணிகளின் மருத்துவக் குழுக்களும் கூடி, அவசரநிலையில் யார் என்ன செய்ய வேண்டும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது, எந்த மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பனவற்றை உறுதி செய்துகொள்வது கட்டாயம். அன்றும் அது நடந்திருந்தது.

சின்சினாட்டி பல்கலைக்கழக மருத்துவமனையில் சில நாள்களில் கண்விழித்த ஹாம்லின், பேச முடியாத நிலையில் முதலில் எழுதிக் கேட்டது, ஆட்டத்தில் வென்றது யார் என்பதைத்தான். வாழ்க்கை எனும் ஆட்டத்தில் நீங்கள்தான் வென்றீர்கள் என மருத்துவர்கள் பதிலளித்தனர். குழந்தைகளுக்குப் பொம்மை வாங்க 2,500 டாலர் இலக்குடன் அவர் முன்பு தொடங்கியிருந்த நிதிக்கு, ஒரு வாரத்துக்குள் 80 லட்சம் டாலருக்கும் மேல் குவிந்தது.

கைவிடப்பட்ட ஆட்டம், கலைந்த கணக்கு

ஆட்டத்தைப் பின்னர் நடத்துவதானால் நாக் அவுட் சுற்று முழுவதையும் தள்ளிப்போட வேண்டிய நிலை இருந்தது. இதையடுத்து ஜனவரி 5 அன்று ஆட்டம் ரத்து செய்யப்பட்டது. இதன் விளைவு எண்களில் தெளிவாகத் தெரிந்தது. கான்சாஸ் சிட்டி 17 ஆட்டங்களில் 14 வெற்றிகளுடன் 0.824 என்ற விகிதத்தைப் பெற்றது. பஃபலோ 16 ஆட்டங்களில் 13 வெற்றிகளுடன் 0.813 பெற்றது. முதலிடம் கான்சாஸ் சிட்டிக்குச் சென்றது.

சின்சினாட்டியிலும் பஃபலோ வென்றிருந்தால் அதுவும் 14 வெற்றிகளை எட்டியிருக்கும். அக்டோபர் வெற்றியின் அடிப்படையில் முதலிடமும் கிடைத்திருக்கும். இந்த இழப்பை ஈடுசெய்ய அணி உரிமையாளர்கள் ஜனவரி 6 அன்று சிறப்பு விதி ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தனர். அதன்படி, பிரிவின் இறுதி ஆட்டத்தில் பஃபலோவும் கான்சாஸ் சிட்டியும் மோத நேர்ந்தால், அது பொதுவான மைதானத்தில் நடைபெறும். அதற்காக அட்லாண்டா நகரம் தேர்வு செய்யப்பட்டு, டிக்கெட் விற்பனையும் தொடங்கியது.

ஆனால் சின்சினாட்டி தரப்பு அதிருப்தி அடைந்தது. ரத்தான ஆட்டத்தில் அந்த அணி வென்றிருந்தால் இரு அணிகளும் 13-4 என்ற சமநிலையில் முடித்திருக்கும். பஃபலோவை முந்தி இரண்டாம் இடமும் சொந்த மைதான வாய்ப்பும் சின்சினாட்டிக்குக் கிடைத்திருக்கும். அந்த இழப்புக்கு எந்த ஈடும் வழங்கப்படவில்லை. மாறாக, கடைசி லீக் ஆட்டத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியிடம் தோற்றால், அதே அணியுடனான நாக் அவுட் ஆட்டத்தை எங்கு நடத்துவது என்பது நாணயச் சுழற்சி மூலம் முடிவாகலாம் என்ற நிலையும் உருவானது. சின்சினாட்டி 27-16 என வென்றதால் அதற்குத் தேவை எழவில்லை.

ஓர் உயிரைக் காக்க ஆட்டத்தை நிறுத்தியதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எனினும், ஆடப்படாத ஆட்டத்தின் முடிவை யாருக்கும் பாதகமின்றி ஈடுசெய்யும் வழி லீக்கின் விதிப் புத்தகத்தில் இல்லை என்பதை அந்த வாரம் வெளிப்படுத்தியது.

சீசன் எப்படி முடிந்தது?

ஜனவரி 8 அன்று சொந்த மைதானத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியைப் பஃபலோ சந்தித்தது. ஆட்டத்தின் முதல் உதையிலேயே பந்தைப் பிடித்த நைஹீம் ஹைன்ஸ், 96 யார்டுகள் ஓடி டச் டவுன் அடித்தார். அதே ஆட்டத்தில் 101 யார்டுகள் ஓடி மீண்டும் அதை நிகழ்த்தினார். பஃபலோ 35-23 என வென்றது. மருத்துவமனையில் இருந்தபடியே ஹாம்லின் அந்த ஆட்டத்தைப் பார்த்தார்.

நாக் அவுட் முதல் சுற்றில் மயாமி டால்ஃபின்ஸ் அணியை 34-31 என வென்ற பஃபலோ, ஜனவரி 22 அன்று கொட்டும் பனியில் மீண்டும் சின்சினாட்டியை எதிர்கொண்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருந்த ஹாம்லினும் மைதானத்துக்கு வந்திருந்தார். சொந்த மண்ணில் ஆடியும் பஃபலோ 27-10 எனத் தோற்று வெளியேறியது. அட்லாண்டா ஆட்டத்துக்கான தேவையும் அத்துடன் முடிந்தது. சூப்பர் பௌல் கோப்பையைக் கான்சாஸ் சிட்டி கைப்பற்றியது.

களம் திரும்பிய ஹாம்லின்

பல்வேறு நிபுணர்களின் பரிசோதனைக்குப் பின், 2023 ஏப்ரலில் ஹாம்லின் விளையாட அனுமதிக்கப்பட்டார். அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று மயாமிக்கு எதிரான லீக் ஆட்டத்தில் களமிறங்கினார். 2024 சீசனில் பஃபலோவின் தொடக்க அணியில் இடம்பிடித்தார்.

ஹாம்லினைக் காப்பாற்றிய ஏற்பாடுகள் தொழில்முறை மைதானங்களுக்கு வெளியே பெரும்பாலும் இருப்பதில்லை. இதைக் கருத்தில் கொண்டு, அமெரிக்க இதயச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகளுடன் சேர்ந்து 2023 மார்ச்சில் என்எஃப்எல் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியது. உயர்நிலைப் பள்ளி மைதானங்களில் அவசரகாலச் செயல்திட்டம் இருக்க வேண்டும், மின்னதிர்வுக் கருவி எளிதில் எடுக்கும் இடத்தில் வைக்கப்பட வேண்டும், பயிற்சியாளர்கள் சிபிஆர் கற்றிருக்க வேண்டும் என்ற மூன்றையும் எல்லா மாநிலங்களும் கட்டாயமாக்க வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.